முற்றத்துக்கு ஒரு மர மேடை

மழைக்காலம். அதிகாலை நேரம். வீட்டின் பின்பக்கக் கதவைத் திறக்கிறோம். முற்றத்தில் கல் பாவியிருக்கிறது. கல்லின் மேல் பாசி படர்ந்திருக்கிறது. பாட்டி பல் துலக்க வெளியே வருகிறார். கால் வழுக்குகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கிறார்.

இது எந்த ஊரிலும் நடக்கும். புனே நகரத்திலும் நடக்கும்.

புனே நகரம் மகாராஷ்டிர மாநிலத்தில் இருக்கிறது. வேலைக்காக அங்கே போய்க் குடியேறிய தமிழர்கள் பலர். கட்கி, தேகு ரோடு, ராஸ்தா பேட்டை போன்ற இடங்களில் தமிழ்ப் பேச்சைக் கேட்கலாம். கட்கியில் ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். சிறிய வீடு. பின்னால் சிறிய முற்றம். வீட்டில் பாட்டி, அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள். அம்மா இரவுப் பள்ளிக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றவர்.

பாட்டிக்குக் கால் வழுக்கிய அன்றே அம்மா ஒரு முடிவு எடுத்தார். முற்றத்தில் தாழ்வாக ஒரு மர மேடை போட வேண்டும். பாட்டி அதில் உட்கார வேண்டும். பிள்ளைகள் அதில் படிக்க வேண்டும். பழைய கல்லைப் பெயர்க்கக் கூடாது. செலவும் அளவோடு இருக்க வேண்டும்.

இது முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

கல்லும் மரமும்

புனேயில் பல வீட்டு முற்றங்களில் ஷஹாபாத் கல் பாவியிருப்பார்கள். ஷஹாபாத் என்பது கர்நாடக மாநிலத்தில் உள்ள ஊர். அங்கே வெட்டி எடுக்கும் பலகைக் கல்லுக்கு அந்த ஊரின் பெயரே வந்துவிட்டது. நம் ஊரில் கடப்பைக் கல் என்று சொல்கிறோமே, அதுபோலத்தான்.

கல் நனைந்தாலும் கெடாது. ஆனால் வழுக்கும். வெயிலில் சுடும். குளிரில் சில்லென்று இருக்கும். மரம் அப்படி இல்லை. உட்காருவதற்கு இதமாக இருக்கும். ஆனால் ஈரத்திலேயே கிடந்தால் மரம் மக்கிப் போகும். கரையானும் பிடிக்கும்.

அப்படியானால் மரத்தை எப்படிக் காப்பாற்றுவது? கல்லைக் கீழே வைத்து, மரத்தை மேலே வைக்க வேண்டும். இது பழைய காலத்து அறிவு.

புனேயின் பழைய பெரிய வீடுகளை வாடா என்று சொல்வார்கள். நடுவில் முற்றம் இருக்கும். சுற்றிலும் மரத்தூண்கள் நிற்கும். தூண் மண்ணில் நேராக நிற்காது. அதன் அடியில் ஒரு கல் இருக்கும். மண்ணின் ஈரம் தூணில் ஏறாமல் அந்தக் கல் தடுக்கும். நம் ஊர்த் திண்ணை வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். அங்கேயும் மரத்தூணுக்கு அடியில் கல் இருக்கும்.

புனேயில் மிகப் பெரிய வாடா, சனிவார் வாடா. பேஷ்வா முதலாம் பாஜிராவ் அதைக் கட்டினார். 1730இல் வேலை தொடங்கியது. 1732இல் புகுவிழா நடந்தது. ஜுன்னர் காட்டிலிருந்து தேக்கு மரம் வந்தது. சிஞ்ச்வடிலிருந்து கல் வந்தது. ஜெஜுரியிலிருந்து சுண்ணாம்பு வந்தது. 1828இல் அங்கே பெரிய தீ பிடித்தது. மரத்தால் கட்டிய மாளிகைகள் எரிந்து போயின. கல் அடித்தளங்களும், மதிலும், வாசல்களும் மிஞ்சின. இன்றும் மக்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

அரண்மனைக்கு உள்ள விதியே நம் வீட்டு மேடைக்கும் உண்டு. கல் தாங்க வேண்டும். மரம் ஈரத்தைத் தொடாமல் இருக்க வேண்டும்.

முதல் வேலை: ஒரு வாளித் தண்ணீர்

மரம் வாங்கும் முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். அதற்குச் செலவே இல்லை.

ஒரு வாளித் தண்ணீரை வீட்டுச் சுவர் ஓரமாக ஊற்றுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.

தண்ணீர் சுவரை விட்டு விலகி, சாக்கடைப் பக்கம் ஓடினால் நல்லது. வாட்டம் சரியாக இருக்கிறது என்று பொருள். ஆறு அடிக்கு ஓர் அங்குலம் சரிவு இருந்தால் போதும்.

தண்ணீர் சுவரை நோக்கி வந்தால்? நடுவில் குட்டைபோல் தேங்கினால்? அந்தக் குறையை முதலில் சரி செய்ய வேண்டும். அதன் மேல் மேடை போட்டால் குறை மறையும். ஆனால் தீராது. மேடைக்கு அடியில் தண்ணீர் தேங்கும். கொசு முட்டையிடும். டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் பெருகுகிறது.

அடுத்து, ஒரு தடியால் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றொலி கேட்டால் கல்லின் அடியில் இடைவெளி இருக்கிறது. அந்தக் கல்லை எடுத்து, மணல் போட்டு, மட்டமாக மறுபடி பதிக்க வேண்டும்.

புனேயில் பல இடங்களில் கரிசல் மண் உண்டு. கரிசல் மண் மழையில் ஊதும். கோடையில் வெடிக்கும். அதனால் மேலே உள்ள கல் அசையும். தமிழ்நாட்டில் கரிசல் பூமியில் இருப்பவர்களுக்கு இது தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் ஆண்டுக்கு ஒரு முறை கற்களைத் தட்டிப் பார்ப்பது நல்லது.

மூன்றாவதாக, முற்றத்தில் கழிவுநீர்த் தொட்டியின் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை மூடி மறைக்கக் கூடாது. மேடை அதைத் தாண்டிப் போகட்டும். வேறு வழி இல்லை என்றால், அந்த இடத்தில் மட்டும் பலகையைத் தூக்கி எடுக்கும்படி செய்ய வேண்டும்.

வாடகை வீடாக இருந்தால், வீட்டுக்காரரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

மேடை எப்படி இருக்கும்?

மேடையில் மூன்று அடுக்குகள் உண்டு.

அடியில் கல் துண்டுகள்.
அதன் மேல் சட்டங்கள்.
சட்டத்தின் மேல் பலகைகள்.

நம் குடும்பத்தின் மேடை 10 அடி நீளம், 6 அடி அகலம். 10 அடி பக்கம் வீட்டுச் சுவர் ஓரமாக வருகிறது. தண்ணீர் சுவரிலிருந்து வெளிப்பக்கம் ஓடுகிறது.

சட்டங்களை எந்தத் திசையில் வைப்பது? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். தண்ணீர் ஓடும் திசையிலேயே சட்டத்தை வைக்க வேண்டும். குறுக்கே வைத்தால் அது வரப்பு மாதிரி தண்ணீரைத் தடுக்கும். வயலில் வரப்பு வேண்டும். முற்றத்தில் வேண்டாம்.

கதவின் நிலைப்படியையும் பார்க்க வேண்டும். மேடை நிலைப்படியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாரல் தண்ணீர் வீட்டுக்குள் வரும். நம் மேடையின் உயரம் சுவர்ப் பக்கத்தில் 5 அங்குலம். கல் துண்டு 1 அங்குலம், சட்டம் 3 அங்குலம், பலகை 1 அங்குலம். கூட்டினால் 5. உங்கள் வீட்டு நிலைப்படி 5 அங்குலத்தைவிட உயரமா? அளந்து பாருங்கள். உயரம் இல்லை என்றால் அந்த இடத்தில் மேடை வேண்டாம்.

கணக்குப் போடுவோம்

மரவாடிக்குப் போகும் முன் வீட்டிலேயே கணக்குப் போட வேண்டும். நம் அம்மா பிள்ளையின் நோட்டை வாங்கிக் கணக்குப் போட்டார்.

சட்டங்கள் எத்தனை?
மேடையின் நீளம் 10 அடி. அதாவது 120 அங்குலம். சுமார் 15 அங்குலத்துக்கு ஒரு சட்டம் வேண்டும்.
120 ÷ 15 = 8 இடைவெளிகள்.
8 இடைவெளிக்கு 9 சட்டங்கள். வேலிக்கு முளை நடும்போதும் இப்படித்தான். இடைவெளியைவிட முளை ஒன்று கூடுதலாக இருக்கும்.

பலகைகள் எத்தனை?
மேடையின் அகலம் 6 அடி. அதாவது 72 அங்குலம். பலகையின் அகலம் 4 அங்குலம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே கால் அங்குலம் இடைவெளி.
17 பலகைகள் × 4 = 68 அங்குலம்.
16 இடைவெளிகள் × ¼ = 4 அங்குலம்.
68 + 4 = 72. சரியாக வந்துவிட்டது. 17 பலகைகள் போதும்.

மரம் எவ்வளவு?
மரத்தைக் கன அடியில் விற்பார்கள். கணக்கு எளிது. கனத்தை அங்குலத்தில் எழுதுங்கள். அகலத்தையும் அங்குலத்தில் எழுதுங்கள். நீளத்தை அடியில் எழுதுங்கள். மூன்றையும் பெருக்கி, 144ஆல் வகுக்க வேண்டும். 144 ஏன்? ஓர் அடிக்கு 12 அங்குலம். 12 × 12 = 144.

ஒரு சட்டம்: கனம் 2, அகலம் 3, நீளம் 6 அடி.
2 × 3 × 6 = 36. 36 ÷ 144 = கால் கன அடி.
9 சட்டங்களுக்கு 2¼ கன அடி.

ஒரு பலகை: கனம் 1, அகலம் 4, நீளம் 10 அடி.
1 × 4 × 10 = 40.
17 பலகைகளுக்கு 40 × 17 = 680. 680 ÷ 144 = 4.72 கன அடி.

மொத்தம்: 2.25 + 4.72 = 6.97. ஏறக்குறைய 7 கன அடி.

10 அடிப் பலகை கிடைக்காவிட்டால் 5 அடிப் பலகைகளாக வாங்கலாம். அப்போது 34 பலகைகள் வேண்டும். இரண்டும் சேரும் இடம் நடுவில் உள்ள 5ஆவது சட்டத்தின் மேல் வரும். கன அடி மாறாது.

மரவாடியில் நடந்தது

புனேயில் பவானி பேட்டைப் பக்கம் மரக்கடைகள் நிறைய உண்டு. மரவாடியை அங்கே வகார் என்பார்கள். புது மரமும் கிடைக்கும். பழைய வாடாக்களை இடிக்கும்போது எடுத்த தேக்கும் சில இடங்களில் கிடைக்கும். பழைய தேக்கு நன்றாகக் காய்ந்திருக்கும். ஆனால் ஆணி, பிளவு, கரையான் அரித்த இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அம்மாவோடு ஆசாரியும் போனார். இருவரும் பழைய தேக்கைப் பார்த்தார்கள். ஆசாரி பலகையைத் தட்டிப் பார்த்தார். 'கணீர்' என்று ஒலித்தது.

"மரம் நல்லா இருக்கும்மா. வாங்கலாம்" என்றார்.

கடைக்காரர் சீட்டு எழுதிக் கொடுத்தார். 9⅓ கன அடி என்று இருந்தது.

அம்மா சீட்டைப் படித்தார். தன் நோட்டையும் பார்த்தார்.

"ஆசாரி அண்ணே, நான் போட்ட கணக்கு 7 கன அடி. இவர் 9⅓ போட்டிருக்காரே?"

"பெரிய கணக்கு எல்லாம் நமக்கு எதுக்கும்மா? அவர் சொல்றது சரியாத்தான் இருக்கும்."

அம்மா விடவில்லை. சீட்டை வரி வரியாகப் படித்தார். சட்டத்தின் அளவு சரி. பலகைகளின் எண்ணிக்கை சரி. பலகையின் கனம் ஒன்றரை அங்குலம் என்று எழுதியிருந்தது.

"அண்ணே, பலகையை அளந்து காட்டுங்க."

ஆசாரி அளந்தார். ஓர் அங்குலம்தான் இருந்தது.

கடைக்காரர் சீட்டைத் திருத்திக் கொடுத்தார். கன அடி ஏறக்குறைய 2⅓ குறைந்தது. ஒரு கன அடி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் சுமார் 4,700 ரூபாய்!

திரும்பும் வழியில் ஆசாரி சொன்னார்: "அந்தக் கணக்கை எனக்கும் சொல்லிக் கொடும்மா."

வேலை தொடங்குவோம்

மழைக்கு முன்பே வேலையை முடிப்பது நல்லது. புனேயில் மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிறது. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகையில் பெரிய மழை வரும். அதற்கு முன் முடிக்க வேண்டும்.

1. கல் துண்டுகள் வைப்பது

ஒவ்வொரு சட்டத்துக்கும் மூன்று கல் துண்டுகள் வேண்டும். சுவர்ப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. 9 சட்டங்களுக்கு 27 துண்டுகள். உடைந்த கடப்பைக் கல் போதும்.

தளம் சரிவாக இருக்கிறது. மேடை மட்டமாக வர வேண்டும். அதனால் சுவர்ப் பக்கத்துக் கல் 1 அங்குலம் உயரம், நடுக்கல் 1½ அங்குலம், வெளிப்பக்கத்துக் கல் 2 அங்குலம். அடியில் கலவை வைத்து இந்த உயரத்துக்குக் கொண்டுவரலாம். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நான்கு பங்கு மணல் சேர்க்க வேண்டும். இரண்டு முனையிலும் நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு வாரம் தண்ணீர் தெளித்து இறுக விட வேண்டும்.

2. சட்டம் வைப்பது

கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே பழைய லாரி டியூப்பை வெட்டி வையுங்கள். கல்லின் ஈரம் மரத்துக்கு ஏறாது. சட்டத்தைப் படுக்க வைக்கக் கூடாது. 3 அங்குலப் பக்கம் உயரமாக நிற்கும்படி வைக்க வேண்டும். அப்போதுதான் பாரம் தாங்கும்.

சட்டத்தின் அடிப்பக்கத்தையும் அறுத்த முனைகளையும் மறக்காதீர்கள். முதலில் அங்கேதான் ஈரம் ஏறும். பலகை அடிக்கும் முன்பே அங்கே எண்ணெய் பூச வேண்டும். ஆளி விதை எண்ணெய் பூசலாம். வண்டியில் இருந்து வடித்த கழிவு எண்ணெயைப் பூச வேண்டாம். அது உட்காருபவரின் துணியிலும் உடம்பிலும் ஒட்டும்.

3. பலகை பொருத்துவது

சுவரை ஒட்டிப் பலகை வைக்கக் கூடாது. சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளியே மேடையைத் தொடங்க வேண்டும். சுவர் காய வழி வேண்டும்.

பலகைகளின் நடுவே கால் அங்குலம் விட வேண்டும். கால் அங்குலம் கனமுள்ள மரத்துண்டை இடையில் வைத்து அடுத்த பலகையைப் பொருத்தினால் இடைவெளி ஒரே சீராக வரும். மழையில் மரம் ஊதும். நெருக்கமாக வைத்தால் பலகைகள் ஒன்றையொன்று தள்ளி மேலே எழும்பும். இடைவெளி மிகவும் பெரிதாக இருந்தால் குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளும்.

ஆணி வேண்டாம். திருகாணி போடுங்கள். ஆணி நாளடைவில் தலை தூக்கும். காலைக் கிழிக்கும். இரும்புத் திருகாணி துருப்பிடித்து மரத்தைக் கறுப்பாக்கும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியோ பித்தளைத் திருகாணியோ நல்லது. நீளம் 2 அங்குலம் வேண்டும். முதலில் சிறு துளை போட்டுப் பிறகு முடுக்கினால் பலகை பிளக்காது.

திருகாணி எத்தனை வேண்டும்? பலகையும் சட்டமும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு. 17 × 9 × 2 = 306. இது 10 அடிப் பலகைக்கு உள்ள கணக்கு. 5 அடிப் பலகையானால் நடுச்சட்டத்தில் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு வேண்டும். அதற்கு இன்னும் 34 கூடும்.

4. ஓரத்தை அடைப்பது

மேடையின் ஓரத்தைப் பலகையால் முழுவதும் அடைக்கக் கூடாது. அடைத்தால் காற்றுப் போகாது. திறந்தே விட்டால் எலி குடிபுகும். எலியைத் தேடிப் பாம்பும் வரலாம். அதனால் சிறு கண் உள்ள கம்பி வலையைச் சுற்றிலும் அடியுங்கள். காற்று போகும். தண்ணீர் போகும். எலி போகாது.

மேடையைப் பராமரிப்பது

மாதம் ஒரு முறை வலை ஓரத்தில் குப்பை சேர்ந்திருந்தால் தள்ளுங்கள். சட்டத்திலோ கல் துண்டிலோ மண் கோடு ஏறியிருக்கிறதா என்று விளக்கு அடித்துப் பாருங்கள். மண் கோடு என்றால் கரையான் வழி. உடனே சுரண்டி எடுங்கள்.

மழைக்காலத்தில் மரத்திலும் பாசி பிடிக்கும். வாரம் ஒரு முறை தென்னந் துடைப்பத்தால் தேயுங்கள். இல்லாவிட்டால் கல் வழுக்கியதுபோல மரமும் வழுக்கும்.

ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன், மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது மறுபடி எண்ணெய் பூசுங்கள். அப்போது ஓரிரண்டு பலகைகளைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். திருகாணி போட்டதால் கழற்றுவது எளிது.

மழை வந்தது

ஜூன் மாதம் கட்கியில் முதல் மழை பெய்தது. அம்மா கதவருகே நின்று பார்த்தார். மழைநீர் பலகை இடுக்குகளில் இறங்கியது. சட்டங்களின் நடுவே ஓடியது. வெளிப்பக்கமாகச் சாக்கடைக்குப் போனது. எங்கும் தேங்கவில்லை.

மழை விட்டது. பாட்டி மெல்ல மேடையில் கால் வைத்தார். ஒரு கணம் நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

"ஊர்த் திண்ணையில உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றார்.

நாம் நினைவில் வைக்க வேண்டியது இரண்டே வரி:

தண்ணீருக்கு வழி விடுங்கள்.
மரத்துக்குக் காற்று விடுங்கள்.

செய்து பாருங்கள்

1. உங்கள் முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். அது எந்தப் பக்கம் ஓடுகிறது?

2. உங்கள் வீட்டு நிலைப்படியின் உயரம் எத்தனை அங்குலம்?

3. ஒரு பலகையின் கனம் 1 அங்குலம், அகலம் 6 அங்குலம், நீளம் 12 அடி. அது எத்தனை கன அடி?

4. கடைசியாக நீங்கள் வாங்கிய பொருளின் சீட்டை எடுத்துப் படியுங்கள். அளவும் விலையும் சரியாக இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு விடை: அரை கன அடி.